முட்டையில் முடியாத எண்

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இயற்பியல் படித்திருக்கிறாள் என்று தெரிந்தால் போதும், அடுத்த கேள்வி மலையைப் பற்றித்தான் வரும். அன்று காலையிலும் பால் வாங்கப் போன இடத்தில் ஒச்சாண்டி மாமா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னத்தா வேலு, மலையக் குடையுற கம்பெனியிலதான இருக்க?"

"அது நியூட்ரினோ மாமா. என்னோடது புரோட்டான்."

"ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணுதான?"

பொட்டிப்புரம் மலைக்குள் நியூட்ரினோ ஆய்வகம் வரப்போகிறது என்று பேச்சு எழுந்து, ஊர் ஊராகக் கூடி எதிர்த்த நாளிலிருந்து எனக்கு இதே பாட்டுத்தான். விளக்கம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அன்றைக்கு விளக்கம் சொல்ல நேரமும் இல்லை. பத்து மணிக்கு என்னுடைய மூன்று வருட உழைப்பைத் திறந்து பார்க்கப் போகிறார்கள். திறக்கிற சாவி எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டையில், எங்கய்யாவின் வாய்க்குள் இருந்தது. அதற்காகத்தான் சென்னையிலிருந்து வந்திருந்தேன்.

புரோட்டானுக்குள் மூன்று குவார்க்குகள் இருக்கின்றன என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். பாதி உண்மை. அந்த மூன்றின் சொந்த எடையைக் கூட்டினால் புரோட்டானின் எடையில் நூற்றில் ஒரு பங்குதான் தேறும். மிச்சம் பெரும்பாலும் குவார்க்குகளின் ஓட்டமும், அவற்றைப் பிடித்து இழுத்து வைத்திருக்கும் குளுவான்களின் இழுபறியும். அந்தக் குளுவான்கள் உள்ளே எவ்வளவு தூரம் பரவியிருக்கின்றன என்று அளப்பதுதான் என் வேலை. குளுவானுக்கு மின்னூட்டம் கிடையாது. எலக்ட்ரானை விட்டு அடித்தால் அது குளுவானைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். அதனால் ஒளியை மோதவிட்டு, ஜே-சை என்ற கனமான துகள் எந்தெந்தப் பக்கம் எவ்வளவு பிறந்து தெறிக்கிறது என்று பார்க்கிறோம். முடுக்கி வெளிநாட்டில் இருக்கிறது, தரவு சென்னையில் எங்கள் நிறுவனத்துக்கு வருகிறது.

இதில் பெரிய ஆபத்து இயந்திரம் அல்ல, மனிதனின் ஆசை. எந்த விடை வர வேண்டும் என்று தெரிந்துவிட்டால் கை தன்னால் அந்தப் பக்கம் சாயும். அதனால் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் கணக்குப் போடுவோம். ஒருவர் ஒரு சாவி எண்ணைக் கணினியில் போடுவார். அந்த எண்ணிலிருந்து கணினி ஒரு பொய்யைத் தயாரித்து என் தரவோடு கலந்துவிடும். நான் அந்தப் பொய்யோடுதான் மூன்று வருடம் குடித்தனம் செய்ய வேண்டும். எல்லாம் முடிந்து, இனி ஒன்றையும் மாற்ற மாட்டேன் என்று கையெழுத்துப் போட்ட பிறகு, சாவி எண்ணைச் சொல்லி, பொய்யைக் கழித்து, விடையைப் பார்ப்போம்.

சாவியை வைத்திருப்பவர் துறைக்கு வெளியே இருக்க வேண்டும் என்றார்கள். நான் எங்கய்யாவின் பெயரைக் கொடுத்தேன். எங்கய்யா தங்கப்பாண்டியன் மாட்டுத் தரகர். சந்தையில் கைக்கு மேல் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுகிறவர். துண்டுக்குள் பேசியது பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. அவருடைய வாயிலிருந்து ரகசியம் பிடுங்க எங்கம்மாவாலேயே முடிந்ததில்லை.

பேராசிரியர் ஜேசுராஜ் இதைக் கேட்டுச் சிரித்தார், ஆனால் ஒத்துக்கொண்டார். அவர்தான் எங்கள் குழுவின் தலைவர். எங்கள் பள்ளத்தாக்குதான், ராயப்பன்பட்டிக்காரர். என்னை வேலைக்கு எடுத்தவரும் அவர்தான். குளுவான்களின் பரப்பை ஏற்கெனவே ஒருமுறை அளந்து, சிறியது என்று வெளியிட்டுப் பெயர் வாங்கியவர். என் விடை அவருடைய எண்ணோடு ஒத்துப்போகுமா என்பதுதான் எல்லாருக்கும் கேள்வி.

பத்து மணிக்குக் கூடத்தில் மடிக்கணினியை வைத்தேன். எங்கய்யா சலவை வேட்டி சட்டையில் வந்து உட்கார்ந்தார். திரையில் சென்னையும் வெளிநாடுமாக ஒரே முகங்கள். ஜேசுராஜ் சார் அந்த வாரம் திராட்சை வெட்டுக்காகச் சொந்த ஊருக்கு வந்திருந்தார், அங்கிருந்தே சேர்ந்துகொண்டார். சென்னையில் எனக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் எப்சிபா, எண்ணைத் தட்டத் தயாராக இருந்தாள்.

"சொல்லுங்கப்பா," என்றாள்.

எங்கய்யா சந்தையில் கூப்பிடுகிற குரலில், "எழுநூறு!" என்றார்.

வரைபடம் திறந்தது. சார் முன்பு வெளியிட்ட புள்ளியின் மேலேயே என் புள்ளி போய் உட்கார்ந்தது. அத்தனை முகங்களும் கை தட்டின. சார் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை புகழ்ந்துவிட்டு, கூட்டம் கலைந்ததும் தனியாகப் போனில் கூப்பிட்டார்.

"ஏத்தா, மார்ச்சோட முடியிற வேலையப் பத்தி இனிமே கவலையே படாத. இன்னும் மூணு வருசம் நீட்டச் சொல்லி நானே எழுதிர்றேன். நம்ம பள்ளத்தாக்குப் புள்ள சாதிச்சிருச்சுன்னு இங்கன எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மார்ச்சுக்குப் பிறகு என்ன செய்வது என்று ஒரு வருடமாகத் தூங்காமல் கிடந்தவள் நான். எங்கம்மா ராக்கம்மாள் கேசரியைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாக ஒன்று கேட்டாள்.

"உங்கய்யா ஏன் எழுநூறுன்னு சொன்னாக? எழுநூத்தி ஒண்ணுல்ல?"

கேசரித் தட்டைக் கீழே வைத்தேன்.

"என்னம்மா சொல்ற?"

"சாவி போட்ட அன்னைக்கு நீ பாக்கக்கூடாதுன்னு வெளிய போயி நின்ன. உங்கய்யா ஒத்த வெரலால எழுநூறுன்னு தட்டிப்புட்டு, அடுத்து எதத் தட்டணும்னு கேக்க ஒன்கிட்ட வந்தாக. நான் அங்கனதான் அவரைக்கா உரிச்சுக்கிட்டு இருந்தேன். பாத்தா ரெண்டு முட்டை. எம்மக மொதமொதல்ல ஆரம்பிக்கிற காரியம், முட்டையிலயா முடியணும்? மொய் எழுதுனாக்கூட ஒண்ணு சேத்துத்தான எழுதுறோம். கடைசி முட்டைய அழிச்சுப்புட்டு ஒண்ணப் போட்டேன்."

எங்கய்யா திரும்பி வந்து, கண்ணாடி போடாமலே, நான் சொன்ன பெரிய பொத்தானைத் தட்டியிருக்கிறார். மூன்று வருடம் எழுநூறு என்ற எண்ணைப் பொத்திப் பொத்திக் காத்திருக்கிறார். அது எதையும் திறக்காத சாவி.

"அடியே! இத அப்பவே சொல்றதுக்கென்ன?" என்று கத்தினார்.

"ரகசியம்னு நீங்கதான சொன்னீக. யாரு கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு."

அவள்மேல் கோபப்பட எனக்கு நேரமில்லை. எழுநூறும் எழுநூற்றி ஒன்றும் நமக்குத்தான் பக்கத்துப் பக்கத்து எண்கள். கணினிக்கு அவற்றுக்குள் ஒரு சொந்தமும் கிடையாது, இதிலிருந்து தயாராகும் பொய் வேறு, அதிலிருந்து தயாராகும் பொய் வேறு. எது உண்மை என்று கண்டுபிடிப்பது சுலபம். அதுவரை தொடக் கூடாது என்றிருந்த மூலத் தரவை எடுத்து, எழுநூறைப் போட்டு மறுபடி மறைத்துப் பார்த்தேன். நான் மூன்று வருடம் வேலை செய்த கோப்போடு அது ஒத்துப்போகவில்லை. எழுநூற்றி ஒன்றைப் போட்டேன். கடைசி இலக்கம் வரை அப்படியே ஒத்துப்போனது.

அப்புறம் சரியான பொய்யைக் கழித்தேன். என் புள்ளி சாருடைய புள்ளியை விட்டு எழுந்து, மேலே தனியாகப் போய் நின்றது. பிழை வரம்பை எவ்வளவு தாராளமாக வைத்தாலும் இரண்டும் தொட்டுக்கொள்ளவில்லை. குளுவான்கள் சார் சொன்னதைவிட அகலமாகப் பரவியிருந்தன. காலையில் வந்த ஒற்றுமை, தப்பான சாவி தற்செயலாகத் தந்த ஒற்றுமை.

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். உலகத்தில் அந்த நிமிடம் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம். மார்ச் மாதம் அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது.

எங்கய்யாவின் எக்செல் வண்டியை எடுத்துக்கொண்டு ராயப்பன்பட்டிக்குப் போனேன். சார் திராட்சைப் பந்தலுக்கு அடியில் குனிந்தபடி நின்று, வெட்டிய குலைகளைப் பெட்டியில் அடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு குலையை எடுத்து நீட்டினார். நான் வாங்காமல் மடிக்கணினியைத் திறந்து காட்டினேன்.

நடந்ததைச் சொல்லி முடித்தேன். இரண்டு கோப்புகளையும் தானே வாங்கிச் சரிபார்த்தார். ஒத்துப்போவதைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"இது யாருக்குத் தெரியும்?"

"எங்க வீட்ல மூணு பேருக்கு. இப்ப ஒங்களுக்கு."

"அப்ப இதோட நிக்கட்டும்." குரலை இறக்கினார். "இங்க பாரு வேலு, நான் தப்பாச் சொல்லல. தப்பான சாவியப் போட்டுத் தொறந்துட்டோம். விதிப்படி பாத்தா இந்தத் தொறப்பே செல்லாது. புதுச் சாவி போட்டு, மொதல்லருந்து பூராத்தையும் திருப்பிச் செய்வோம். ஒரு வருசம் ஆகும். ஆகட்டும்."

"செய்வோம் சார். நானே செய்றேன். ஆனா காலையில காட்டுனது தப்புன்னு இன்னைக்கே எல்லாருக்கும் சொல்லணும்."

"அது எதுக்கு?"

"அத நம்பிக்கிட்டு இருக்காக சார்."

"அடுத்த வாரம் திட்டக் கமிட்டி கூடுது. அஞ்சு வருசத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கப் போறாக. ரெண்டு அளவும் ஒத்துப்போச்சுன்னு காலையிலயே அவுகளுக்குச் சொல்லியாச்சு. இப்பப் போயி, இல்ல, அந்தம்மா முட்டைய அழிச்சுப்புட்டாகன்னு சொல்லச் சொல்றியா? சிரிப்பாக. ஒன்னையப் பாத்து மட்டுமில்ல, நம்ம ஊரையே பாத்துச் சிரிப்பாக. நான் இங்கனருந்து போயி அந்த எடத்துல உக்கார எத்தன வருசம் ஆச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது பொய்யில்லை. மாநாடுகளில் எங்கள் உச்சரிப்பைக் கேட்டு உதட்டோரம் வருகிற சிரிப்பை நானும் பார்த்திருக்கிறேன். மடிக்கணினியை மூடினேன். பந்தலுக்குள் வெக்கையாக இருந்தது.

"சார், மொத நாள் வகுப்புல நீங்க ஒரு கதை சொன்னீக. மியூவான்ங்கிற துகள வச்சு புரோட்டான அளந்தவகளுக்கு, மத்தவக எண்ணைவிட நாலு சதவீதம் சின்னதா வந்துச்சு. உலகமே நம்பல. அவுக எண்ண மாத்தல. அதத்தான் அறிவியல்னு சொன்னீக. நான் ஒங்ககிட்ட சேந்ததே அந்தக் கதையக் கேட்டுத்தான்."

"அவுககிட்ட பெரிய ஆய்வகம் இருந்துச்சு. ஒனக்கு மார்ச் வரைக்குந்தான் வேலை இருக்கு."

அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. மிரட்டவில்லை, அதட்டவில்லை. என் மேல் அக்கறையோடுதான் சொன்னார். அந்த அக்கறைதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. என் அளவைப் பற்றி ஒரு குறைகூட அவரால் சொல்ல முடியவில்லை, என் சோற்றைப் பற்றித்தான் பேச முடிந்தது. திராட்சையை வாங்காமலே வண்டியைக் கிளப்பினேன்.

வீட்டில் எங்கய்யா சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவரும் சார் பக்கம்தான் பேசினார்.

"அவரு சொல்றபடி விட்ருத்தா. அத்தன பேரு கேக்க எழுநூறுன்னு சொல்லிட்டேன். இப்ப அது இல்லன்னா என் வாக்கு என்னத்துக்காகும்? தரகன் வாக்கு போச்சுன்னா எல்லாம் போச்சு."

"அய்யா, துண்டுக்குள்ள வெரலத் தப்பாப் பிடிச்சிட்டீக. துண்ட எடுத்தப்பெறகுதான் தெரியுது. என்ன செய்வீக?"

"அங்கனயே சொல்லிருவேன். மாட்டுக் கயிறு கைமாறுறதுக்கு முன்னாடி சொல்லிப்புடணும். மாறிருச்சுன்னா அது களவு."

"இன்னும் கயிறு மாறலய்யா. அடுத்த வாரம்தான் மாறப்போகுது."

அவர் எழுந்து சட்டையைக் கழற்றினார். ஆணியில் மாட்டிக்கொண்டே, "கண்ணாடியப் போட்டுத் தட்டியிருக்கணும்," என்று மட்டும் சொன்னார்.

குழுவுக்கெல்லாம் சேர்த்து மின்னஞ்சல் எழுதினேன். இன்று காட்டிய விடை தவறு, சாவி எண் மாறிவிட்டது, விளக்கம் நாளை பத்து மணிக்கு, விடையைக் கண்டவர்கள் அனைவரும் வர வேண்டும். அனுப்பிய கொஞ்ச நேரத்தில் சாரின் போன் வந்தது. எடுக்கவில்லை. மறுபடி வந்தது. எடுத்தால் பணிந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டேன்.

மறுநாள் அதே கூடம், அதே முகங்கள். சாரும் திரையில் இருந்தார். நடந்ததை முதலில் இருந்து கடைசிவரை ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மா எண்ணை மாற்றிய இடம் வந்ததும் யாரோ பக்கென்று சிரித்தார்கள். சிரித்தவர் யார் என்று தேடவில்லை, தொடர்ந்து பேசினேன். வெளிநாட்டிலிருந்து ஒருவர், எண்ணை மாற்றியவரிடம் நேரடியாக ஒரு கேள்வி கேட்கலாமா என்றார்.

எங்கம்மாவைக் கூப்பிட்டேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவர் கேட்டதை நான் தமிழில் சொன்னேன்: ஏன் மாற்றினீர்கள்?

"முட்டையில முடியக்கூடாதுன்னு மாத்துனேன். எம்மக வேலை நல்லா வரணும்னு மாத்துனேன். வேற யாரு சொல்லியும் இல்ல. நான்தான், ராக்கம்மா. எழுதிக்கங்க."

ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எங்கய்யாவும் பின்னால் வந்து நின்று, "நான் சொன்ன எழுநூறு தப்பு. மன்னிச்சுக்கங்க," என்று கை கூப்பினார். அதையும் மொழிபெயர்த்தேன்.

எப்சிபா எல்லார் கண் முன்னாலும் இரண்டு எண்களையும் போட்டுப் பார்த்தாள். ஒன்று ஒத்துப்போகவில்லை, ஒன்று கடைசி இலக்கம்வரை ஒத்துப்போனது. உண்மையான விடையைத் திரையில் வைத்தேன்.

சார் ஆங்கிலத்தில் பேசினார். "இது முடிவான விடை அல்ல. கண்கட்டு அவிழ்ந்துபோன ஓர் ஆய்வு. இதைப் பதிவில் ஏற்ற வேண்டியதில்லை."

"முடிவானது என்று நானும் சொல்லவில்லை," என்றேன். "புதுச் சாவி போட்டு யார் வேண்டுமானாலும் திருப்பி அளக்கட்டும். நான் தப்பென்றால் அது என் பெயரில் நிற்கட்டும். ஆனால் நேற்றைய ஒற்றுமை பொய் என்பது பதிவில் ஏற வேண்டும். நான் கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு புள்ளியைக்கூட நகர்த்தவில்லை. இனியும் நகர்த்த மாட்டேன்."

பதிவில் ஏற்றலாம் என்று எப்சிபா கை தூக்கினாள். அவளும் சாரிடம் வேலை பார்ப்பவள், அவளுக்கும் ஒரு மார்ச் உண்டு. அப்புறம் ஒவ்வொரு கையாக எழுந்தது. எல்லாக் கையும் எழவில்லை, ஆனால் போதுமான கைகள் எழுந்தன. திரையில் சாருடைய முகம் இருந்த சதுரம் கறுப்பாகிவிட்டது.

மாலையில் அவரிடமிருந்து இரண்டே வரியில் மின்னஞ்சல் வந்தது. இந்த அளவை வெளியிடும்போது அதில் தன் பெயரைச் சேர்க்க வேண்டாம். என் பதவியை நீட்டிக்கச் சிபாரிசு செய்ய இயலவில்லை. அதற்குக் கீழே, உடம்பைப் பார்த்துக்கொள் என்று தமிழில் எழுதியிருந்தார். அதைப் படித்தபோதுதான் நெஞ்சு வலித்தது.

தலை நிமிர்ந்துதான் வெளியே போனேன். ஒச்சாண்டி மாமாவுக்கு அதற்குள் சேதி போயிருந்தது. எங்கள் ஊரில் சேதிக்குச் சாவியே தேவையில்லை.

"ஏத்தா, மலைக் கம்பெனியில வெளிய அனுப்பிட்டாகளாமே?"

"புரோட்டான் கம்பெனி மாமா. உள்ள இருக்கிறது அவுக சொன்னதவிடப் பெருசா இருக்கு. அதச் சொன்னேன்."

"பெருசா இருந்தா நல்லதுதான?" என்றார் அவர் குழம்பிப்போய்.

"நல்லதுதான் மாமா," என்றேன். இரண்டு நாளில் ஒருவர் கேட்ட சரியான கேள்வி அது ஒன்றுதான்.

வீட்டுக்குள் வந்தபோது எங்கம்மா அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். என் போன் பானைப் பக்கத்தில் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரை வடித்துக்கொண்டே, மெல்லக் கேட்டாள்.

"ஏண்டி, ஒரு நம்பர மாத்துனதுக்கா வேலை போச்சு?"

"இல்லம்மா. மாத்தாததுக்கு."

அவள் களைந்த அரிசியை என் பக்கம் நகர்த்தினாள்.

"அப்பச் சரி," என்றாள். "ஒலை கொதிக்குது. வந்து அரிசியப் போடு."